இந்தி தெரியாத தெருவில் மகாபாரதம்

வாசகர் கேள்வி: "எண்பதுகளில் வளர்ந்தவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை ராமாயணம், மகாபாரதம் பார்த்த கதையை ஒரே மாதிரி சொல்கிறீர்கள். தெரு வெறிச்சோடிக் கிடந்தது, டி.வி.க்குச் சூடம் காட்டினார்கள், சரி. ஆனால் அது முழுக்க இந்தி. தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு இந்தி தெரியும்? ஒரு வார்த்தை புரியாமல் மூன்று வருஷம் உட்கார்ந்து பார்த்தோம் என்பதை நான் நம்பவில்லை. வேறு சேனல் இல்லை, அதனால் பார்த்தீர்கள். இப்போது அதற்கு மாலை போடுகிறீர்கள்."

4 மே 2024, காலை

இந்தி புரியவில்லை. ஆனால் பார்த்தது புரிந்தது. இரண்டும் வேறு வேறு.

எனக்குத் திருச்செந்தூருக்குப் பக்கத்து ஊர். 1987 ஜனவரி 25 அன்று ராமானந்த் சாகரின் ராமாயணம் தொடங்கியபோது எனக்குப் பத்து வயது. எங்கள் தெருவில் டி.வி. இருந்தது ஒரே வீட்டில், பலசரக்குக் கடை அண்ணாச்சி வீட்டில். சாலிடேர் பெட்டி. முன்னால் இழுத்து மூடுகிற மரக்கதவு. பார்த்து முடித்ததும் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். ஞாயிறு சாயங்காலத் தமிழ்ப் படத்துக்குத் தலைக்கு நாலணா. ராமாயணத்துக்குக் காசு கிடையாது. சாமி காரியத்துக்குக் காசு வாங்கக் கூடாது என்று அவராகவே முடிவு செய்திருந்தார்.

ஒன்பதரைக்குத் தொடங்கும். எட்டரைக்கே போய் இடம் பிடிக்க வேண்டும். முன்வரிசை எங்களுக்கு, சுவரோரம் பெண்களுக்கு, வாசலில் நின்றபடி ஆண்கள். எங்கள் ஆச்சிக்கு மட்டும் பெட்டிக்கு நேர் எதிரே ஒரு மணை போட்டு வைத்திருப்பார்கள். அவளுக்காக இல்லை, எங்களுக்காக. ஆச்சி கதை சொன்னால்தான் எங்களுக்குப் புரியும். பெட்டியில் ராமன் பேசுவான், ஆச்சி தமிழில் பேசுவாள். நான் கேட்டது ஆச்சி குரலைத்தான்.

இதுதான் பதில். மூன்று வருஷம் நாங்கள் பார்த்தது இந்தி சீரியல் இல்லை. ஆச்சி சொன்ன கதைக்கு டெல்லியிலிருந்து வந்த படங்கள்.

4 மே, மதியம்

"வேறு சேனல் இல்லை" என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் இருந்தது.

அண்ணாச்சி வீட்டு மொட்டை மாடியில் இரண்டு ஆன்டெனா. ஒன்று வடமேற்கே கொடைக்கானல் மலையில் இருந்த டி.வி. கோபுரத்தைப் பார்த்து. இன்னொன்று தென்கிழக்கே கடலைப் பார்த்து, இலங்கை ரூபவாகினிக்கு. ரூபவாகினி 1982ல் தொடங்கியது. அதன் ஒளிபரப்புக் கோபுரம் இலங்கையிலேயே உயரமான பிதுருதலாகல மலை மேல், 2,524 மீட்டரில். நடுவில் மறைக்க வெறும் கடல்தான். பூஸ்டர் போட்டு ஆன்டெனாவை உயரத்தில் கட்டினால், மழை இல்லாத நாளில் தெளிவாகத் தெரியும்.

கொடைக்கானல் வருவதற்கு முன்னால் எங்களுக்கு மெட்ராஸை விட இலங்கை பக்கம். மெட்ராஸ் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15லேயே வந்துவிட்டது என்பார்கள். யாருக்கு வந்தது? மெட்ராஸ்காரர்களுக்கு. 1984 வாக்கில் நாடு முழுக்கச் சின்னச் சின்ன மறு ஒளிபரப்பு நிலையங்கள் வைத்தார்கள். அவை இன்சாட்-1பி செயற்கைக்கோள் வழியாக வந்த டெல்லி நிகழ்ச்சியை அப்படியே திருப்பி அனுப்பின. அதாவது இந்தி. எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் டி.வி.யில் தமிழ் கேட்க வேண்டுமென்றால் ரூபவாகினியின் தமிழ்ச் செய்திக்குக் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த காதுகள்தானே, அந்தத் தமிழ் அந்நியமாகவே தோன்றவில்லை.

சிங்கள நாடகமும் பார்த்திருக்கிறோம். அதற்கு ஆச்சியிடம் கதை கிடையாது, அதனால் அரை மணி நேரத்தில் எழுந்து விளையாடப் போய்விடுவோம். புரியாததை வேறு வழியில்லாமல் பார்க்கிற கூட்டம் என்றால் அதையும் பார்த்திருப்போமே.

என் வகுப்பில் 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான். அவனுக்குச் சிங்களம் தெரியும். அர்த்தம் சொல்லுடா என்று ஒருமுறை கேட்டோம். சொல்லாமல் வெளியே போய்விட்டான். ஏன் என்று கேட்கிற வயது எங்களுக்கு இல்லை. இப்போது நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

5 மே 2024

இன்னொரு காரணம் இருக்கிறது, நேற்று எழுத மறந்தது. எல்லா இந்தியும் ஒரே இந்தி இல்லை.

ஹம் லோக் 1984ல் வந்தது, நாட்டின் முதல் நெடுந்தொடர். தூத்துக்குடியில் சித்தப்பா வீட்டில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் கடைசியில் அசோக் குமார் வந்து ஏதோ சொல்வார், சித்தப்பா வீட்டில் எல்லோரும் தலையாட்டுவார்கள். என்ன சொன்னார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. புனியாதும் அப்படித்தான். பிரிவினையில் சிதறிய பஞ்சாபிக் குடும்பத்தின் கதை என்பதே எனக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல்தான் தெரியும். வீட்டு இந்தி, உருதுவும் பஞ்சாபியும் கலந்த பேச்சு. ஒரு சொல்கூடக் காதில் ஒட்டாது.

மகாபாரதம் வேறு. வசனம் எழுதிய ராஹி மாசூம் ரஸா வேண்டுமென்றே சமஸ்கிருதம் மிகுந்த இந்தியில் எழுதினார். யுத்தம், தர்மம், சிம்மாசனம், வனவாசம், புத்திரன், ஆசீர்வாதம். இவை எல்லாம் கோயில் கதாகாலட்சேபத்தில் கேட்ட சொற்கள். வாக்கியம் புரியாது, ஆனால் நடுநடுவே தெரிந்த முகங்கள் மாதிரி இந்தச் சொற்கள் வந்து போகும். 'மாதாஸ்ரீ', 'பிதாஸ்ரீ' என்று எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டோம். அக்கா அம்மாவை "மாதாஸ்ரீ, தோசை" என்று கூப்பிட்டு அடி வாங்கினாள்.

சில சொற்கள் ஏமாற்றும். பீஷ்மர் அடிக்கடி 'வசன்' என்பார். சினிமா வசனம்தான் எங்களுக்குத் தெரிந்த வசனம். ஆச்சிதான் திருத்தினாள்: "வாக்குல அது. வாக்குக் குடுத்துட்டான், இனி சாகமுட்டும் அதத் தூக்கிச் சுமக்கணும்."

ரஸா ஒரு முஸ்லிம், காசிப்பூர்க்காரர். அவர் எழுதக் கூடாது என்று கடிதம் போட்டவர்கள் இருந்தார்களாம். எங்கள் தெருவில் இது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அண்ணாச்சி சூடம் காட்டியிருப்பார் என்றே நம்புகிறேன். முன்வரிசையில் எங்களோடு உட்கார்ந்த பிள்ளைகளில் காயல்பட்டினத்து முஸ்லிம் பையனும் உண்டு, எங்கள் ஊர் மாதா கெபித் தெருக் கிறிஸ்தவப் பிள்ளைகளும் உண்டு.

5 மே, இரவு

ராவணன் சீதையைத் தூக்கிப் போன ஞாயிறு.

ஆச்சிக்குக் கம்பன் கதைதான் கதை. கம்பனில் ராவணன் சீதையைத் தொட மாட்டான். பர்ணசாலையோடு மண்ணையும் சேர்த்துப் பெயர்த்து எடுத்துப் போவான். விருப்பமில்லாத பெண்ணைத் தொட்டால் தலை வெடிக்கும் என்று அவனுக்குச் சாபம். வான்மீகியில் அப்படி இல்லை, கையால் பிடித்துத் தூக்குவான். டி.வி.யில் வந்த அரவிந்த் திரிவேதி கையைப் பிடித்து இழுத்தார்.

"தொட்டுட்டானா?" என்றாள் ஆச்சி.

"ஆமா ஆச்சி, கையப் புடிச்சி இழுக்கான்."

"தப்பு. தப்பாக் காமிக்கான். அவன் தொடல." எழுந்து நின்றுவிட்டாள். அண்ணாச்சியைப் பார்த்து, "ஏன்ய்யா, இத நிறுத்தச் சொல்லு" என்றாள். டெல்லியில் ஓடுவதை அண்ணாச்சி எப்படி நிறுத்துவார்? அவர் போய்ப் பெட்டியின் கதவை இழுத்து மூடிவிட்டார். உள்ளே சீதை கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆச்சி நின்றபடியே, கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும், மண்ணோடு பெயர்த்த கதையைச் சொல்லி முடித்தாள். அப்புறம்தான் கதவு திறந்தது. ஜடாயு விழுந்து கிடந்தது.

நான் பிறகு படித்த எந்தப் பாடத்திலும், ஒரே கதைக்கு இரண்டு வடிவம் உண்டு என்பதை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லித் தரவில்லை.

6 மே 2024

நேற்று எழுதியதில் சாகர் கம்பனைக் கண்டுகொள்ளவில்லை என்கிற தொனி வந்துவிட்டது. அது நியாயமில்லை. தொடக்கத்தில் எழுத்து ஓடும்போது எந்தெந்த ராமாயணங்களைப் பார்த்தோம் என்று ஒரு பட்டியல் காட்டுவார்கள், அதில் கம்ப ராமாயணமும் இருக்கிறது. முதன்மையாக வான்மீகியும் துளசிதாசரும். இது 2020ல் திரும்பப் பார்த்தபோதுதான் என் கண்ணில் பட்டது. சின்ன வயதில் நாகரி எழுத்து ஓடினால் அது படம் தொடங்கப் போகிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

தீக்குளிப்புக் காட்சியில் இன்னொரு வேலையும் செய்திருக்கிறார். தூக்கிப் போகப்பட்டது உண்மையான சீதையே இல்லை, அவள் முன்பே அக்னியிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டாள், போனது நிழல்தான் என்று ராமன் லட்சுமணனிடம் சொல்வான். துளசியின் வழி. யோசித்தால் கம்பனும் துளசியும் ஒரே சங்கடத்துக்கு ஆளுக்கொரு வழி கண்டிருக்கிறார்கள். ஒருவர் மண்ணைப் பெயர்த்தார், இன்னொருவர் நிழலை அனுப்பினார். ஆச்சியிடம் இதைச் சொல்ல முடிந்திருந்தால் அரவிந்த் திரிவேதியை மன்னித்திருப்பாளோ என்னவோ.

8 மே 2024

திருத்தம். அனுமார் நிறத்தைப் பற்றி வேறோர் இடத்தில் எழுதியிருந்தேன், தாரா சிங்கின் செந்தூர நிறம் இன்னும் கண்ணில் நிற்கிறது என்று. அக்கா படித்துவிட்டுப் போன் செய்தாள். "ஏல, அண்ணாச்சி வீட்டுல கருப்பு வெள்ளை டி.வி.ல்லா இருந்துச்சு."

உண்மைதான். நாட்டில் கலர் ஒளிபரப்பு 1982ல், ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வந்துவிட்டது. ஆனால் அண்ணாச்சி கலர் பெட்டி வாங்கியது மகாபாரதம் முடிந்தும் இரண்டு வருஷம் கழித்து. அதுவரை கருப்பு வெள்ளைப் பெட்டிக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகடு மாட்டியிருந்தார். மேலே நீலம், நடுவில் ஒரு மாதிரி இளஞ்சிவப்பு, கீழே பச்சை. வானமும் முகமும் புல்லும் தானாகச் சரியாக அமைந்துவிடும் என்று கடைக்காரன் சொல்லி விற்றான். ராமன் நின்றால் தலை நீலம், இடுப்பு சிவப்பு, கால் பச்சை. ராமன் நீலமேக சியாமளன் ஆனதால் யாருக்கும் குறை தெரியவில்லை. அவன் உட்கார்ந்தால்தான் முகம் சிவந்துவிடும்.

அப்படியானால் நான் கண்ட செந்தூரம் எங்கிருந்து வந்தது? எங்கள் ஊர் அனுமார் கோயில் சிலையிலிருந்து வந்திருக்க வேண்டும். தினமும் பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்க்கிற முகம். பெட்டியில் தெரிந்த சாம்பல் நிற தாரா சிங் மேல் அந்த நிறத்தை நானே பூசியிருக்கிறேன்.

9 மே 2024

"இந்தி எதிர்ப்பு நடந்த மண்ணில் இதற்கு எப்படி இவ்வளவு கூட்டம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. எங்கள் வீட்டிலேயே அது இருந்தது.

அப்பா 1965ல் பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர். ஊர்வலம் போனவர். இரவு எட்டரை, எட்டேமுக்கால் வாக்கில் மெட்ராஸ் நிகழ்ச்சி நின்று டெல்லியின் இந்திச் செய்தி வந்ததும், எந்த வீட்டில் இருந்தாலும் அப்பா எழுந்து வெளியே வந்துவிடுவார். நல்ல தமிழ் நாடகம் ஓடிக்கொண்டிருக்கும், நேரமாகிவிட்டது என்று டெல்லிக்கு மாற்றுவார்கள். அந்த நேரத்தில் தமிழ்நாடு முழுக்க டி.வி.க்கள் அணைந்தன என்று சொல்வது மிகை இல்லை. ஏக்கத்தில் இதை மறந்துவிடக் கூடாது. ஒரு மாநிலம் முழுவதும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து உட்காரும் நேரத்தை, அதற்குப் புரியாத மொழிக்குக் கொடுத்தார்கள். அப்பாவின் கோபம் சரியான கோபம். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதே அப்பா ஞாயிறு காலை அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் இருப்பார். உள்ளே வர மாட்டார், ஜன்னல் வழியே பார்ப்பார். ஒருநாள் கேட்டேன். "நான் இந்தி கேக்க வரல. எங்க அம்மா கதை சொல்லுதா, கேக்கேன்" என்றார்.

ஆச்சி அப்பாவைப் பெற்றவள். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

11 மே 2024

கொஞ்சம் தள்ளிப் போகிறேன். மால்குடி டேஸ்.

ஆர்.கே. நாராயண் மெட்ராஸில் பிறந்து, மைசூரில் வாழ்ந்து, ஆங்கிலத்தில் எழுதியவர். எடுத்தவர் கன்னட நடிகர் சங்கர் நாக். படம்பிடித்த இடம் கர்நாடகத்து ஆகும்பே. மெட்டுப் போட்டவர் நம் எல். வைத்தியநாதன். கோட்டுப்படம் நாராயணின் தம்பி ஆர்.கே. லட்சுமண். சுவாமியின் அப்பாவாக கிரீஷ் கர்நாட். இத்தனை தென்னாட்டு ஆட்கள் சேர்ந்து, வேட்டி கட்டி, குடுமி வைத்து, திண்ணையில் உட்கார்ந்து இந்தியில் பேசினார்கள். எனக்கு அது ஒரு நாளும் விசித்திரமாகத் தோன்றவில்லை. அந்தப் பையன் மஞ்சுநாத் ஸ்லேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எங்கள் தெருவில் ஓடுவது மாதிரியே இருந்தது. மொழி தெரியாததால் பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டோம். ஒரு அத்தியாயத்துக்கு என் கதையும் அக்கா கதையும் வேறு வேறு. இன்று வரை எது சரி என்று நாங்கள் சரிபார்க்கவில்லை, சரிபார்க்கவும் விருப்பமில்லை.

கொடைக்கானல் வந்த பிறகு கிடைத்த மெட்ராஸ் நிகழ்ச்சிகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஷோபனா ரவி செய்தி வாசித்தால் ஒவ்வொரு ழகரமும் தனியாக வந்து நிற்கும். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் வந்தால் தெருவில் சண்டைகூட நிற்கும். ஆனால் அவையெல்லாம் புரிந்து பார்த்தவை. இங்கே பேச்சு புரியாததைப் பற்றி.

14 மே 2024

பெரிய திருத்தம். இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா மறுபடி போன் செய்தாள். நான் எழுதியதை எல்லாம் படித்துவிட்டு, "நீ எழுதுனது நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆச்சி எங்கல டி.வி. பாத்தா?" என்றாள்.

ஆச்சிக்கு இரண்டு கண்ணிலும் புரை. மகாபாரதம் தொடங்கிய 1988 அக்டோபரில் வெளிச்சம், இருட்டு மட்டும்தான் தெரியும். அறுவைக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. இது எனக்குத் தெரியாததில்லை. கைபிடித்துக் கூட்டிப் போனதே நான்தான். ஆனால் அந்த மணையில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து பெட்டியையே பார்த்துக் கதை சொன்ன தோற்றம்தான் மனதில் நின்றிருக்கிறது. பெட்டியின் வெளிச்சம் வரும் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள், அவ்வளவுதான்.

ராவணன் காட்சியை எழுதும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "தொட்டுட்டானா?" என்று ஏன் கேட்டாள்? கண் தெரிந்தவள் கேட்கத் தேவையில்லையே. நானே எழுதினேன், நானே கவனிக்கவில்லை.

15 மே 2024

சரி, அப்படியானால் அங்கே உண்மையில் நடந்தது என்ன? அக்காவும் நானும் ஒரு மணி நேரம் பேசி மீட்டெடுத்தது இது.

"ஏல, யாரு நிக்கா?"

"தாடி வச்சவரு ஆச்சி. வெள்ளத் தாடி."

"கிரீடம் உண்டா?"

"உண்டு. வில்லு வச்சிருக்காரு."

"பீஷ்மன். எதுத்தாப்புல?"

"ஒரு பொம்பள. அழுவுறா. கைய நீட்டி என்னமோ கத்துதா."

"அம்பை. அம்பைதான் அது. சுயம்வரத்துல தூக்கிட்டு வந்துட்டான், அவ மனசுல இன்னொருத்தன். அங்க போனா அவன் வேண்டாங்கான், இங்க வந்தா இவன் வேண்டாங்கான். சாபம் குடுக்கப் போறா, கேளு…"

இப்படித்தான். நாங்கள் கண், அவள் வாய். நாங்கள் தப்பாகச் சொன்னால் அவள் கதை தப்பான இடத்துக்குப் போகும். பிறகு பெட்டியில் ஆள் மாறும்போது திரும்பி வரும். சகுனியை மட்டும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கூஃபி பெயிண்டல் ஒரு கண்ணைச் சுருக்கி, காலை இழுத்து நடந்து வருவார். "நொண்டுதான் ஆச்சி" என்றால் போதும். பீமனாக வந்த பிரவீண் குமார் 1966 ஆசிய விளையாட்டில் வட்டெறிதலில் தங்கம் வாங்கியவர், வாசலை மறைக்கிற உடம்பு. "கதவு உயரம் இருக்கான் ஆச்சி" என்போம். "எம் புள்ள" என்பாள். பாண்டவரில் அவளுக்குப் பிடித்தவன் பீமன் ஒருவன்தான். பசி தெரிந்தவன் என்பதால்.

தொடக்கத்தில் சக்கரம் சுழல, காலமே பேசுவதாக ஒரு குரல் வரும், ஹரீஷ் பிமானியின் குரல். திரையில் ஆள் கிடையாது. "யாரு பேசுதா?" என்பாள். "யாருமே இல்ல ஆச்சி, சக்கரம்தான் சுத்துது." ஒவ்வொரு வாரமும் கேட்பாள், ஒவ்வொரு வாரமும் இதே பதில். கடைசி வரை அதற்கு மட்டும் அவளிடம் கதை இல்லை. பேசுவது காலம் என்று எங்களுக்கும் தெரியாது.

முதல் நாள் நான் எழுதியதை இப்போது மாற்ற வேண்டும். ஆச்சி சொன்ன கதைக்கு டெல்லியிலிருந்து படம் வந்தது என்றேன். அவளுக்குப் படமும் நாங்கள்தான் கொடுத்தோம்.

19 மே 2024

கர்ணன்.

கேட்டவருக்கு இது புரியுமா தெரியவில்லை, ஆனால் தமிழ்நாட்டில் கர்ணன் செத்த வாரத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தமிழில் வில்லிபுத்தூரார் பாடிய வில்லிபாரதத்தில், தேர்ச்சக்கரம் புதைந்து அம்பு தைத்துக் கிடக்கிற கர்ணனிடம் கண்ணன் ஏழை அந்தணனாக வருவான். அவன் செய்த புண்ணியம் முழுவதையும் தானமாகக் கேட்பான். தாரை வார்க்கத் தண்ணீர் இல்லை, தன் ரத்தத்தையே வார்த்துக் கொடுப்பான். 1964ல் வந்த கர்ணன் படத்தில் சிவாஜியும் என்.டி. ராமராவும் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். எங்கள் ஊர்க் கொட்டகையில் ஒவ்வொரு வருஷமும் அந்தப் படம் வரும். கர்ணன் என்றால் எங்களுக்கு அந்தக் காட்சிதான்.

1990ல், தொடர் முடிவதற்குச் சில வாரம் முன்னால். கர்ணனாக வந்த பங்கஜ் தீர் சக்கரத்தைத் தூக்க இறங்கினார். நான் சொன்னேன், "கீழ எறங்குதான் ஆச்சி". கூடம் முழுக்க மூச்சுவிடும் சத்தம் இல்லை. அம்பு பட்டது. "விழுந்துட்டான்" என்றேன். ஆச்சி, "இப்ப ஐயரு வருவாரு பாரு" என்றாள்.

வரவில்லை. காத்திருந்தோம். வேறு வேறு முகங்கள் வந்தன, குந்தி வந்து அழுதாள். அந்தணர் வரவில்லை. "வந்துட்டாரா?" என்று ஆச்சி கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குப் பதிமூன்று வயது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"வாரார் ஆச்சி" என்றேன்.

அவள் சொல்லத் தொடங்கினாள். தாரை வார்த்தது, ரத்தம், விசுவரூபம், எல்லாம். பெட்டியில் வேறெதுவோ ஓடியது. அண்ணாச்சி சத்தத்தைக் குறைத்துவிட்டார். யாரும் அவளைத் திருத்தவில்லை. திண்ணையில் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

2020ல் ஊரடங்கின்போது மார்ச் 28 முதல் ராமாயணத்தை டி.டி. நேஷனலிலும் மகாபாரதத்தை டி.டி. பாரதியிலும் மறுபடி போட்டார்கள். அதற்குள் புனேயில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்து எனக்கு இந்தி நன்றாக வந்துவிட்டது. ஒரு சொல் விடாமல் புரிந்தது. நல்ல எழுத்து, நிதானமான எழுத்து, ரஸா மேல் மரியாதை கூடியது. ஆனால் எனக்குள் இருந்த வசனங்களில் பாதி அதில் இல்லை. பீமன் பசியைப் பற்றிச் சொன்னதாக நினைத்திருந்த ஒரு வரி, அம்பை அழுதுகொண்டே கேட்ட ஒரு கேள்வி, இரண்டும் ஆச்சியுடையவை.

20 மே 2024

சுருக்கமாக ஒன்று. 1993 ஏப்ரல் 14ல் சன் டி.வி. வந்தது. கேபிள் எங்கள் ஊருக்கு வர அதற்குமேல் இரண்டு வருஷம். வந்த பிறகு பெட்டி முழுநேரமும் தமிழ் பேசியது. அப்பா காத்திருந்தது அதற்குத்தான், எனக்கும் மகிழ்ச்சிதான், திரும்பப் பழையபடி ஆக வேண்டும் என்று ஒரு நாளும் விரும்ப மாட்டேன். ஆச்சி அப்போதும் வந்து உட்காருவாள். "யாரு நிக்கா?" என்று கேட்பாள். பக்கத்தில் இருப்பவர்கள், "சத்தம் போடாத ஆச்சி, அவங்களே சொல்லுவாங்க" என்பார்கள்.

2013ல் புதிய மகாபாரதம் ஒன்றை விஜய் டி.வி. தமிழில் மொழிமாற்றிப் போட்டது. என் மகள் விழுந்து விழுந்து பார்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லப் பார்த்தேன். அவளுக்குத் தேவைப்படவில்லை.

23 மே 2024

அக்கா இன்று காலை நேரிலேயே வந்திருந்தாள். கர்ணன் பகுதியைப் படித்தாளாம். "ஐயர் வந்ததா நீ பொய் சொன்னியே, அது ஆச்சிக்குத் தெரியும்" என்றாள். வீட்டுக்குத் திரும்பி வரும்போது ஆச்சி அக்காவிடம் சொன்னாளாம்: "சின்னவன் கொரலு நடுங்குச்சி. இந்திக்காரன் அந்த ஐயர மறந்துட்டான் போல."

அக்கா வேறொன்றும் சொன்னாள். எனக்குச் சுத்தமாக நினைவில்லை. அன்று ஞாயிறு, வீட்டில் மீன் குழம்பு. ஆச்சி சாப்பிடவில்லை. அக்காவைக் கூப்பிட்டுக் கிணற்றடிக்குக் கூட்டிப் போகச் சொல்லி, நான்கு வாளி தண்ணீர் இறைத்து ஊற்றச் சொல்லி, தலை முழுகினாள்.